பழைய சீனத்துல அட்ஜெக்டிவ்: எங்க உக்காந்திருக்குன்னு பாத்துப் படிக்கிறது எப்படி

பழைய சீன எழுத்து மொழி, வென்யான்னு சொல்லுவாங்க, அத படிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே எல்லாரும் முட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. மென்சியஸ்ங்கிற பழைய சீன தத்துவ ஞானியோட நூல்ல ஒரு வரி வரும், கன்ஃபூசியஸ் கிழக்கு மலை ஏறினாரு, ஏறிட்டு "ஷியாவ் லூ"ன்னு ரெண்டே சொல். ஷியாவ்னா சின்ன, லூங்கிறது அவரு பொறந்த நாட்டோட பேரு. அகராதிய வச்சுக்கிட்டு "சின்ன லூ நாடு"ன்னு படிச்சா வாக்கியம் அந்தரத்துல தொங்கும், மலை ஏறினாரு, சின்ன லூ நாடு, சரி அப்புறம் என்ன? அங்க சொல்ல வந்தது, மலை மேல இருந்து பாத்தா லூ நாடே அவருக்கு சின்னதா பட்டுச்சுங்கிறது. அடுத்த வரில தாய் மலை ஏறினதும் "ஷியாவ் தியென்ஷியா", வானத்துக்குக் கீழ இருக்குற மொத்த உலகமுமே சின்னதா பட்டுச்சு.

இப்படி ஆகுறதுக்குக் காரணம், இந்த மொழில சொல்லோட உருவம் மாறவே மாறாது. நம்ம ஊர்ல சின்ன, சின்னது, சின்னதாக்கு, சின்னதா நெனைன்னு வால் மாறிக்கிட்டே இருக்கும், வால பாத்தே வேலைய கண்டுபிடிச்சிடலாம். அங்க ஷியாவ் எப்பவும் ஷியாவ்தான், ஒரே எழுத்து. அதனால "இது அட்ஜெக்டிவா வெர்ப்பா"ன்னு அகராதிகிட்ட கேக்காதீங்க, "முன்னாடி யாரு இருக்கா, பின்னாடி யாரு இருக்கா"ன்னு வாக்கியத்துகிட்ட கேளுங்க. இந்த ஒரு பழக்கத்த எப்படி கொண்டு வர்றதுன்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் எடுக்குற வரிகள் பெரும்பாலும் கன்ஃபூசியஸோட உரையாடல் தொகுப்பு, மென்சியஸ், லாவோ ட்ஸு, இப்படி கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டு நூல்கள்ல இருந்து வருது. உச்சரிப்பு எல்லாம் இன்னைக்கு மாண்டரின்படி போடுறேன், அந்தக் காலத்து வாய்ல இது வேற மாதிரி இருந்துச்சு. தமிழ்ல எழுதும்போது சில வேற வேற எழுத்து ஒரே மாதிரி தெரியும், அத அங்கங்க சொல்லிடுறேன்.

சரி, முதல்ல சுலபமான இடம். லாவோ ட்ஸு 81-ஆவது அதிகாரம் இப்படி ஆரம்பிக்கும்: "ஷின் யென் பூ மேய், மேய் யென் பூ ஷின்." ஷின்னா நம்பகமான, யென்னா பேச்சு, மேய்னா அழகு, பூன்னா இல்ல. நம்பகமான பேச்சு அழகா இருக்காது, அழகான பேச்சு நம்பகமா இருக்காது. இந்த எட்டு எழுத்த மனப்பாடம் பண்ணிக்கோங்க, பாதி இலக்கணம் இதுலயே இருக்கு. முதல் பாதில ஷின் பெயருக்கு முன்னாடி நிக்குது, அப்ப அது பெயரடை. மேய் பெயருக்குப் பின்னாடி, பூவுக்கு அடுத்து நிக்குது, அப்ப அதுதான் வாக்கியத்தோட பயனிலை. ரெண்டாவது பாதில ரெண்டும் இடம் மாத்திக்குது, வேலையும் மாறிடுது. அதே மாதிரி "காவ் ஷான்"னா உயரமான மலை, "ஷான் காவ்"னா மலை உயரமா இருக்கு, அதோட வாக்கியம் முடிஞ்சது.

கவனிங்க, நடுவுல "இருக்கு"ன்னு எதுவுமே இல்ல. இன்னைக்கு மாண்டரின் படிச்சிட்டு வர்றவங்க "ஹென்"னு ஒரு சொல்ல தேடுவாங்க, இங்க அது தேவையில்ல, "ஷி"ன்னு இப்ப "ஆகும்"ங்கிற அர்த்தத்துல வர்ற சொல்லும் அப்ப பெரும்பாலும் "இது"ங்கிற அர்த்தத்துலதான் வந்துச்சு. தமிழ் ஆளுங்களுக்கு இது கஷ்டமே இல்ல, "மலை பெரிது", "அவன் நல்லன்"னு நாமளும் எந்தத் துணையும் இல்லாம சொல்றவங்கதான், நம்ம இலக்கணக்காரங்க இத குறிப்பு வினைமுற்றுன்னு வினைப் பக்கத்துலயே சேத்து வச்சாங்க. பழைய சீனத்துலயும் அதே மாதிரி வினைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க, நிறைய இலக்கண அறிஞர்கள் இத வினையோட ஒரு பிரிவுன்னே சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. 1898-ல மா ஜியென்ஜுங்ங்கிறவரு லத்தீன் இலக்கணத்த முன்மாதிரியா வச்சு சீன மொழிக்கு ஒரு பெரிய இலக்கணம் எழுதினப்ப, வினைக்கு "அசையுற சொல்"னும் இதுக்கு "அசையாம நிக்கிற சொல்"னும் தனித்தனியா பேரு வச்சாரு. அழகான பேருதான், ஆனா நிக்கிற சொல் எவ்வளவு தூரம் ஓடும்னு கொஞ்ச நேரத்துல பாப்பீங்க.

வினைப் பக்கம்தான்னு எப்படி நிரூபிக்கிறது? மறுப்புச் சொல்ல பாருங்க. பூங்கிறது வினையையும் அட்ஜெக்டிவையும் மறுக்கும், பெயர மறுக்கணும்னா ஃபேய்னு வேற சொல் வரும். கோங்சுன் லோங்ங்கிற பழைய சீன தர்க்கவாதியோட வாதம் ஒண்ணு ரொம்ப ஃபேமஸ், "பாய் மா ஃபேய் மா", வெள்ளைக் குதிரை குதிரை அல்ல. மாங்கிறது குதிரை, பெயர், அதனால ஃபேய். ஒருவேளை குதிரை வெள்ளையா இல்லன்னு சொல்லணும்னா "மா பூ பாய்". அதனால ஒரு தெரியாத எழுத்து முன்னாடி பூ இருந்தா உடனே ஒரு குறி போட்டுக்கோங்க, அந்த எழுத்து அங்க வினை மாதிரி வேலை செய்யுது. அகராதி என்ன சொன்னாலும் சரி. கன்ஃபூசியஸ் தொகுப்புல "ஜுன் பூ ஜுன்"னு வரும், ஜுன்னா அரசன், பச்சையான பெயர்ச்சொல், ஆனா பூ வந்ததும் "அரசன் அரசனா நடந்துக்கல"ன்னு வினையாயிடும்.

இன்னொரு குறி, ரெண்டு சொல்ல சேக்குற சொல். அர்ங்கிறது வினைகள, குணங்கள சேக்கும். யூங்கிறது பெயர்கள சேக்கும். ஃபூன்னா பணக்கார. "ஃபூ அர் வூ ஜியாவ்"னு வந்தா பணம் இருந்தும் திமிர் இல்லாம இருக்குறது, அர் இருக்கு, அப்ப ஃபூ பயனிலை. அதே தொகுப்புல "ஃபூ யூ குவேய்"னு வரும், செல்வமும் உயர் பதவியும், எல்லாரும் ஆசப்படுறதுன்னு சொல்ற இடம், யூ இருக்கு, அப்ப ஃபூவும் குவேயும் பெயர். ஒரே ஃபூதான். கன்ஃபூசியஸ் எப்படிப்பட்டவர்னு அவங்க மாணவர்கள் சொல்ற வரில இந்த அர் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு பாருங்க: "வென் அர் லீ, வேய் அர் பூ மெங், குங் அர் ஆன்." இதமானவர் ஆனாலும் கண்டிப்பானவர், கம்பீரமானவர் ஆனாலும் மூர்க்கம் இல்லாதவர், பணிவானவர் ஆனாலும் இயல்பா இருக்குறவர். நான் "ஆனாலும்"னு போட்டேன், அர் வெறும் "மேலும்"னும் இருக்கலாம், எது சரின்னு பக்கத்துல இருக்குற ரெண்டு குணமும்தான் முடிவு பண்ணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம், இங்கதான் நிதானமா நிக்கணும். அட்ஜெக்டிவுக்குப் பின்னாடி ஒரு பெயர் வருது, ஆனா "சின்ன வீடு" மாதிரி படிச்சா ஒட்டல. இல்லன்னா அட்ஜெக்டிவுக்குப் பின்னாடி "ஜி"ன்னு, "அத, அவர"ங்கிற பிரதிப்பெயர் வருது. ஜி வந்தா சந்தேகமே வேண்டாம், அது செயப்படுபொருள், அப்ப முன்னாடி இருக்குறது வினை. (இதே எழுத்து "உடைய"ங்கிற அர்த்தத்துல ரெண்டு சொல்லுக்கு நடுவுலயும் வரும், நான் சொல்றது பின்னாடி வேற பெயர் இல்லாம முடியுற ஜி.) இப்படி செயப்படுபொருள் எடுத்த அட்ஜெக்டிவுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, அந்தப் பொருள நெஜமாவே அப்படி ஆக்குறது. இன்னொண்ணு, அந்தப் பொருள் அப்படி இருக்குன்னு மனசுல நெனைக்கிறது.

மென்சியஸ் ச்சி நாட்டு அரசன் ஷுவான்கிட்ட பேசுற ஒரு இடம். பெரிய மாளிகை கட்டணும்னா தலைமைத் தச்சர அனுப்பிப் பெரிய மரமா தேடச் சொல்லுவீங்க, கெடச்சா சந்தோஷப்படுவீங்க, அப்புறம் ஒரு தச்சன் அத செதுக்கி "ஷியாவ் ஜி" பண்ணிட்டா கோவப்படுவீங்கன்னு சொல்றாரு. இங்க ஷியாவ் ஜின்னா அத சின்னதாக்கிட்டான்னு அர்த்தம், மரம் நெஜமாவே சின்னதாயிடுச்சு, சிராய் கீழ விழுந்து கெடக்கு. இப்ப "ஷியாவ் லூ" பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே நூல், ஒரே எழுத்து, ஒரே அமைப்பு. கன்ஃபூசியஸ் மலை ஏறினதால லூ நாட்டோட எல்லை ஒரு அடி கூட கொறையல, கொறஞ்சது அவரு பார்வைல. இலக்கணத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் காட்ட எந்த அடையாளமும் இல்ல, விஷயந்தான் காட்டுது. அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: எழுவாய் செஞ்ச வேலையால அந்தப் பொருள் மாறியிருக்குமா? மாறும்னா "ஆக்கினான்"னு படிங்க. மாறாதுன்னா "அப்படி நெனச்சான்"னு படிங்க.

அதே அரசன் ஷுவான் இன்னொரு எடத்துல எனக்கு வீரத்து மேல ஆசைன்னு சொல்றப்ப மென்சியஸ் சொல்றாரு, "ஷியாவ் யுங்" மேல ஆசப்படாதீங்க, "வாங் ச்சிங் தா ஜி". யுங்னா வீரம், ஷியாவ் யுங் சின்ன வீரம், இது சாதா பெயரடை. தான்னா பெரிய, ஜி பின்னாடி இருக்கு, அரசே தயவுசெஞ்சு அத பெருசாக்குங்க. அறிவுரை சொல்ற இடம், மாத்த முடியுற விஷயம், அதனால ஆக்குறது.

எல்லா இடமும் இவ்வளவு தெளிவா இருக்காது. லாவோ ட்ஸு 80-ஆவது அதிகாரத்துல சின்ன நாடு, கொஞ்ச ஜனம்னு ஒரு கனவு நாட்ட வர்ணிக்கும்போது "கான் ச்சீ ஷி, மேய் ச்சீ ஃபூ, ஆன் ச்சீ ஜூ, லெ ச்சீ சூ"ன்னு வரும், ச்சீன்னா அவங்களோட. ஜனங்க தங்களோட சாப்பாட்ட இனிப்பா நெனைப்பாங்க, தங்களோட துணிய அழகா நெனைப்பாங்க, தங்களோட வீட்ட நிம்மதின்னு நெனைப்பாங்க, தங்களோட பழக்கவழக்கத்த சந்தோஷம்னு நெனைப்பாங்கன்னு ஒரு படிப்பு. இல்ல, ஆளுறவன் அவங்க சாப்பாட்ட இனிப்பாக்கணும், துணிய அழகாக்கணும்னு இன்னொரு படிப்பு. இருக்குறதே போதும்னு சொல்ற அதிகாரம்ங்கிறதால நான் முதல் படிப்பு பக்கம்தான் நிப்பேன், ஆனா ரெண்டாவதும் இலக்கணப்படி தப்பில்ல. இப்படி இடம் வந்தா ரெண்டையும் எழுதி வச்சுக்கோங்க, அவசரப்பட்டு ஒண்ண அடிச்சிடாதீங்க.

பூ முன்னாடியும் செயப்படுபொருள் பின்னாடியும் சேந்து வந்தா இன்னும் ஏமாத்தும். மென்சியஸ் நூலோட ஆரம்பத்துலயே லியாங் அரசன் ஹுவேய் அவர பாத்து சொல்றது, "பூ யுவான் ச்சியென் லீ அர் லாய்". யுவான்னா தூரம், ச்சியென் லீன்னா ஆயிரம் லீ (லீங்கிறது பழைய சீன தூர அளவு), லாய்னா வர்றது. "தூரமில்ல ஆயிரம் லீ"ன்னு படிச்சா உளறலா இருக்கும். ஆயிரம் லீய தூரம்னு நெனைக்காம வந்திருக்கீங்கன்னு படிங்க, மரியாதையான வரவேற்பு ஆயிடும்.

இதே யுவான் சில இடத்துல தொனி மாறும், தொனின்னா சொல்லும்போது குரல் ஏறி இறங்குற விதம். கன்ஃபூசியஸ் ஆவிகள மதிச்சுக்கோ ஆனா "யுவான் ஜி", தள்ளி வச்சுக்கோன்னு சொல்ற இடத்துல மரபா நாலாவது தொனில படிப்பாங்க, "தூரமான"ங்கிற அர்த்தத்துக்கு மூணாவது தொனி. ஹாவ்னு நல்லதுக்கு ஒரு தொனி, ஆசப்படுறதுக்கு இன்னொரு தொனி. கெட்டதுங்கிற எழுத்துக்கு உச்சரிப்பே மாறி, வெறுக்குறதுன்னா "வூ"ன்னு படிப்பாங்க. நல்ல அகராதில ஒரே எழுத்துக்குக் கீழ ரெண்டு உச்சரிப்பு இருந்தா ரெண்டையும் படிங்க, அட்ஜெக்டிவ் வினையா மாறின தடயம் அங்க ஒளிஞ்சிருக்கும். ஆனா எல்லா சொல்லுக்கும் இப்படி கெடைக்காது, ஷியாவ், தா, மேய் எல்லாம் எந்த வேலை செஞ்சாலும் ஒரே தொனிதான்.

இந்தப் பழக்கம் பின்னாடி வந்த கவிஞர்களுக்கு எவ்வளவு பெரிய கருவியா இருந்துச்சுங்கிறதுக்கு வாங் அன்ஷிய சொல்லாம இருக்க முடியாது. 11-ஆம் நூற்றாண்டு ஆளு, வசந்தக் காத்து ஆத்தோட தெக்குக் கரைய மறுபடி பச்சையாக்கிச்சுன்னு ஒரு வரி, அதுல லூய்ங்கிற "பச்சை"ய அப்படியே வினையா வச்சாரு. ஹுங் மாய்ங்கிற எழுத்தாளர் இதோட கைப்பிரதி பத்தி குறிச்சு வச்சிருக்காரு, முதல்ல "வந்துச்சு"ன்னு எழுதி அடிச்சாராம், அப்புறம் "கடந்துச்சு", "நுழஞ்சுச்சு", "நெறஞ்சுச்சு"ன்னு மாத்தி மாத்திப் பாத்து கடைசில பச்சைல நின்னாராம். அடிச்சதுல இந்த நாலுமே நல்ல வினைங்கதான், ஆனா காத்து வந்ததும் அதால கரை மாறினதும் ஒரே எழுத்துல நிக்கணும்னா பச்சைதான் வேணும்.

பெயரா மாறுற இடம் சுலபம், சீக்கிரம் சொல்லிடுறேன். முன்னாடி ச்சீ, வூ மாதிரி "அவனோட, என்னோட" இருந்தாலோ, "உடைய" ஜி இருந்தாலோ, பின்னாடி ஜெங்கிற சொல் இருந்தாலோ பெயர். "ரென் ஜெ"ன்னா அன்பானவன். எந்த அடையாளமும் இல்லாம வினைக்குப் பின்னாடி உக்காந்தும் பெயராகும், "வென் கூ அர் ஜி ஷின்", பழசை சூடு பண்ணி புதுசை அறியிறது. (இந்த ஜி "அறி", இந்த ஷின் "புது", மேல வந்ததெல்லாம் வேற எழுத்து.) இதுலயும் வென் பாருங்க, மேல கன்ஃபூசியஸோட குணமா வந்த அதே வென், இங்க பின்னாடி பொருள் வந்ததும் சூடாக்குற வினை. மென்சியஸோட "லாவ் வூ லாவ்" எனக்கு ரொம்பப் பிடிச்ச மூணு எழுத்து, லாவ்னா வயசான, முதல் லாவ் வினை, வூ என்னோட, கடைசி லாவ் பெயர்: என் வீட்டுப் பெரியவங்கள பெரியவங்களா நடத்துறது. நடுவுல இருக்குற வூதான் ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுக் குடுக்குது.

வினைக்கு முன்னாடி வந்தா வினையடை. ஆத்தோரமா ஒரு மீனவன் ச்சூ யுவான்ங்கிற கவிஞர பாத்து கேக்குறதா ஒரு பழைய பாட்டு இருக்கு, அதுல "ஷென் ஸி காவ் ஜூ"ன்னு வரும், ஆழமா யோசிச்சு உயர்வா நடந்துக்கிறது. மலைக்குச் சொன்ன அதே காவ். இதுக்கு மேல இங்க ஒண்ணும் இல்ல.

ஒப்பிடுறதுக்கு அட்ஜெக்டிவ் முன்னாடி, அப்புறம் யூ, அப்புறம் எத விடன்னு சொல்ற பெயர். இந்த யூ மேல சொன்ன "உம்" யூ இல்ல, எழுத்து வேற, தொனியும் வேற. தாய் மலைப் பக்கமா கன்ஃபூசியஸ் போறப்ப ஒரு பொம்பள சமாதில அழுதுகிட்டு இருக்கா, மாமனார், புருஷன், புள்ள, மூணு பேரையும் புலி கொன்னுடுச்சு. ஏன் இந்த எடத்த விட்டுப் போகலன்னு கேட்டா, இங்க கொடுங்கோல் ஆட்சி இல்லன்னு சொல்றா. அப்ப அவரு சொன்னது, "கெ ஜெங் மெங் யூ ஹூ", கொடிய ஆட்சி புலிய விட மூர்க்கமானது. யூவ பாத்ததும் எல்லாம் "விட"ன்னு நெனச்சிடாதீங்க, "இடத்துல, கிட்ட"ங்கிற வேலையும் அதுக்கு உண்டு. முன்னாடி இருக்குறது அளவு கூடிக் கொறையுற குணமான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ரொம்பன்னு சொல்ல ஷென், இன்னும் இன்னும்னு சொல்ல மீ, "மீ காவ்"னா பாக்கப் பாக்க இன்னும் உயரம்.

உணர்ச்சி வந்தா வரிசை கவுந்துடும், அட்ஜெக்டிவ் முதல்ல வந்து ட்ஸாய்னு ஒரு சொல் ஒட்டிக்கும். ஒரு கூடைச் சோறு, ஒரு சுரைக்குடுவைத் தண்ணி, இடுக்கான சந்துல வாழ்க்கை, அப்பவும் சந்தோஷம் மாறாத மாணவன் யென் ஹுவேய பத்தி கன்ஃபூசியஸ் "ஷியென் ட்ஸாய், ஹுவேய் யே"ன்னு சொல்றாரு, எவ்வளவு மேலானவன் ஹுவேய். பழைய பிரதிகள்ல நிறுத்தக்குறியே கெடையாது, அதனால இந்த ட்ஸாய்தான் உங்களுக்கு ஆச்சரியக்குறி.

இப்ப கத்துக்கிட்டத எல்லாம் ஓட்டிப் பாக்க ஒரே பகுதி போதும், போரிடும் நாடுகள் காலத்துக் கதைத் தொகுப்புல இருக்குற ட்ஸோ ஜி கதை. சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட் சைட்ல மூலம் இலவசமா கெடைக்கும், தொறந்து வச்சுக்கோங்க. ட்ஸோ ஜி ச்சி நாட்டு அமைச்சர், எட்டு ச்சிக்கு (இந்த ச்சி ஒரு பழைய நீள அளவு) மேல உயரம், நல்ல லட்சணம். ஊருக்கு வடக்க ஷூ குங்னு ஒருத்தர், அழகன்னு பேரு எடுத்தவர். கண்ணாடி பாத்துக்கிட்டே மனைவிகிட்ட கேக்குறாரு, நானா ஷூவா யாரு அழகு? அவ "ஜுன் மேய் ஷென்"னு சொல்றா, ஜுன் இங்க நீங்கன்னு மரியாதையா கூப்புடுறது, நீங்க ரொம்ப அழகு, மேய் பயனிலை, ஷென் அதுக்குப் பின்னாடி நிக்குது. ஆசைநாயகிகிட்ட கேட்டா அவளும் ஷூ உங்களுக்கு ஈடாக மாட்டாருன்னுதான் சொல்றா. அடுத்த நாள் வந்த விருந்தாளி, ஷூ குங் "ஜுன் ஜி மேய்"க்கு ஈடாக மாட்டாருன்னு சொல்றான், உடைய ஜிக்குப் பின்னாடி மேய், அப்ப பெயர், உங்களோட அழகு. அதுக்கு மறுநாள் ஷூவே நேர்ல வர்றாரு, உத்துப் பாத்தா நாம ஈடே இல்லன்னு இவருக்குத் தெரிஞ்சுடுது. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கிறாரு, என் மனைவி "மேய் வோ" பண்றது என் மேல இருக்குற பாசத்தால, ஆசைநாயகி "மேய் வோ" பண்றது பயத்தால, விருந்தாளி "மேய் வோ" பண்றது எங்கிட்ட ஏதோ வேணும்ங்கிறதால. வோன்னா என்னைய, செயப்படுபொருள், அப்ப மேய் வினை. ஆக்குறதா நெனைக்கிறதா? மனைவி சொன்னதால மூஞ்சி மாறல, ஷூவ பாத்தப்பவே அது முடிவாயிடுச்சு, அதனால என்னைய அழகன்னு சொல்றது, நெனைக்கிறது.

காலைல அரசன்கிட்ட போயி இதையே சொல்றப்ப ட்ஸோ ஜி வார்த்தைய மாத்துறாரு: "ஜியே யீ மேய் யூ ஷூ குங்." ஜியே எல்லாரும், யீங்கிறது இங்க "ன்னு எடுத்துக்கிறாங்க", மேய் யூ ஷூ குங் ஷூவ விட அழகு, ஒப்பிடுற யூ. ராத்திரி ரெண்டே எழுத்துல "மேய் வோ"ன்னு யோசிச்சத காலைல யீ போட்டு பிரிச்சு விளக்கிடுறாரு. நீங்க "அழகன்னு நெனைக்கிறது"ன்னு படிச்சது சரியான்னு வெளில தேட வேண்டாம், பதில் சில வரி தள்ளி அதே பக்கத்துலயே இருக்கு.